கடையில் தொங்கிய சிவப்பும் மஞ்சளும்

பந்து வந்த பாதை – 9

சென்ற இதழில் 1911 ஜூலை 29 அன்று நின்றோம். கல்கத்தா மைதானத்தில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை மோகன் பகான் 2-1 என்று வென்றது. பதினொரு பேரில் பூட்ஸ் போட்டிருந்தவர் பாதிரியார் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான். அதைப் படித்துவிட்டுக் கம்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டார்: "காலில் ஒன்றும் இல்லை, சரி. உடம்பில் என்ன போட்டிருந்தார்கள் என்று ஒரு வரி எழுதக்கூடாதா?"

நியாயமான கேள்வி. பந்தாட்ட வரலாறு எழுதுபவர்கள் கோலை எண்ணுவார்கள், கோப்பையை எண்ணுவார்கள், சட்டையைப் பற்றிப் பேசமாட்டார்கள். பச்சையும் மெரூனும் மோகன் பகானின் நிறம். ஆனால் அந்த 1911 அணியின் புகைப்படம் கறுப்பு வெள்ளையில்தான் இருக்கிறது. நாமாக மனசுக்குள் சாயம் பூசிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு வரி என்ன, இந்த இதழ் முழுக்கவே ஜெர்சிக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆனால் மோகன் பகானைவிடச் சுவையான சட்டைக் கதை அதன் எதிரணியிடம் இருக்கிறது. அதனால் ஒன்பது ஆண்டு தள்ளி, 1920க்குப் போகிறோம்.

அந்த ஆண்டு ஜூலை 28. கூச் பெஹார் கோப்பை ஆட்டத்தில் மோகன் பகானை எதிர்த்து ஜோராபகான் அணி இறங்கவேண்டும். சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைக் கடைசி நேரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் கிழக்கு வங்கத்துக்காரர். ஜோராபகானின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரிக்கும் பூர்வீகம் அதே கிழக்கு. ஏன் அவரைச் சேர்க்கவில்லை என்று கேட்டார்; சரியான பதில் வரவில்லை. கழகத்தை விட்டு வெளியேறிவிட்டார். நான்கே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, சில நண்பர்களோடு சேர்ந்து புதுக் கழகம் தொடங்கினார். பெயர் வைக்க ரொம்ப யோசிக்கவில்லை. ஈஸ்ட் பெங்கால்.

கோபத்தில் கழகம் தொடங்கலாம். கோபத்தைப் போட்டுக்கொண்டு ஆட முடியாது. சட்டை வேண்டும். சௌரங்கியில் வொய்ட்அவே லெய்ட்லா என்று ஒரு வெள்ளைக்காரப் பெருங்கடை இருந்தது. ராபர்ட் லெய்ட்லா 1882இல் கல்கத்தாவில் தொடங்கியது. பிறகு கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று கிளை பரப்பியது. சென்னையில் மவுன்ட் ரோட்டில் அவர்களுடைய கட்டடம் இன்றும் நிற்கிறது. நம் தலைமுறைக்கு அது வி.ஜி.பி. கட்டடம். அங்கே தவணையில் டிவியும் ஃபிரிட்ஜும் வாங்கியவர்களின் பிள்ளைகள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் அந்தக் கடையில் கடன் என்ற பேச்சே கிடையாது, ரொக்கம் மட்டும்தான். அதற்காகவே ஊரார் அதன் பெயரைத் திரித்துக் கேலி செய்தார்கள்.

அந்தச் சௌரங்கிக் கடையில் சட்டை தேடிப் போனார்கள் புதுக் கழகத்தார். சிவப்பும் பொன்மஞ்சளுமாக ஒரு ஜெர்சி தொங்கிக்கொண்டிருந்தது. விலைச் சீட்டில் 80 ரூபாய். கடையிலேயே அதுதான் அதிக விலை என்பது கழகத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. ஒரு குமாஸ்தா மாதச் சம்பளத்தை அப்படியே நீட்டினாலும் போதாத தொகை. ஆனாலும் வாங்கிவிட்டார்கள். நூறு ஆண்டு தாண்டியும் அந்த நிறம் மாறவில்லை.

இதில் என்னைக் கவர்வது ஒன்றுதான். யாரும் உட்கார்ந்து யோசித்து, சிவப்பு என்றால் புரட்சி, மஞ்சள் என்றால் மங்களம் என்று தீர்மானம் போடவில்லை. கடையில் இருந்தது, கண்ணைப் பறித்தது, கையில் காசு இருந்தது. அர்த்தமெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. இன்றைக்குப் புது அணி தொடங்குபவர்கள் ஜெர்சி வெளியீட்டுக்கு ஒரு விழா எடுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தத்துவம் சொல்கிறார்கள். கேட்கும்போது எனக்குச் சௌரங்கிக் கடைதான் நினைவுக்கு வரும்.

ஈஸ்ட் பெங்கால் மட்டும் அப்படியில்லை. இத்தாலியின் யுவென்டஸ் 1897இல் பள்ளிப் பையன்கள் தொடங்கிய அணி. அவர்கள் முதலில் போட்டது ரோஸ் நிறம். துவைக்கத் துவைக்க வெளுத்துப் போனது. 1903இல் அணியில் இருந்த ஜான் சாவேஜ் என்ற ஆங்கிலேயரிடம், உங்கள் ஊரிலிருந்து நல்ல சட்டை வரவழைத்துக் கொடுங்கள் என்றார்கள். அவர் நாட்டிங்ஹாமில் இருந்த நண்பருக்கு எழுதினார். நண்பர் நாட்ஸ் கவுன்ட்டி அணியின் விசிறி. தன் அணி போடும் கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டையையே கட்டி அனுப்பிவிட்டார். இன்று உலகம் முழுவதும் யுவென்டஸ் என்றால் கறுப்பு வெள்ளை. அந்த நன்றிக்காக 2011இல் டூரினில் புது மைதானம் திறந்தபோது நாட்ஸ் கவுன்ட்டியைக் கூப்பிட்டு நட்பு ஆட்டம் ஆடினார்கள், 1-1.

சரி, தேனிக்காரருக்கு இந்தக் கல்கத்தாக் கதை எதற்கு என்று கேட்கலாம். நம் பள்ளத்தாக்கில் மாலையானால் பையன்கள் கூடும் இடத்தில் வாலிபாலும் கபடியும்தான் முன்னால் நிற்கும். பெரியகுளத்துக்குப் போனால் கூடைப்பந்து. சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு வெளி மாநில அணிகள் வந்து இறங்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த ஊர் அது. கால்பந்து இங்கே மேலேயிருந்து இறங்கி வந்தது. போடியிலிருந்து கொட்டகுடி, அங்கிருந்து டாப் ஸ்டேஷன், மூணாறு என்று தேயிலைத் தோட்டத்துக்கு ஏறிப்போன நம் சனங்கள் அங்கே துரைமார் ஆடியதைப் பார்த்தார்கள், பிறகு தாங்களே ஆடினார்கள். எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும் ஃபின்லே கோப்பைப் போட்டி 1940களில் தொடங்கி இன்றுவரை பழைய மூணாறு மைதானத்தில் நடக்கிறது. மாட்டுப்பட்டி, குண்டளை, சொக்கநாடு, லெட்சுமி என்று எஸ்டேட் பெயரைச் சொல்லிக் கூட்டம் கத்தும். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் மலைக்குக் கீழே இருக்கும். கல்கத்தாவில் கிழக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஒரு சட்டையைப் பிடித்துக்கொண்டதும், மலையேறிய சனம் எஸ்டேட் பெயரைப் பிடித்துக்கொண்டதும் எனக்கு வேறு வேறாகத் தெரியவில்லை.

திரும்பச் சட்டைக்கு வருகிறேன். அந்தக் காலத்து ஜெர்சி எப்படி இருந்தது என்று இன்றைய பையன்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். கனத்த பருத்தித் துணி. முழங்கை தாண்டிய கை, காலர், கழுத்தில் பொத்தான் அல்லது நாடா. முழங்கால் வரை இறங்கும் தொளதொள டிரவுசர். முதுகில் நம்பர் இல்லை, நெஞ்சில் கம்பெனி பெயர் இல்லை. கல்கத்தா லீக் நடப்பதோ நல்ல மழைக்காலத்தில். பத்து நிமிஷ ஆட்டத்திலேயே துணி தண்ணீரைக் குடித்து, சேற்றை வாரிக்கொண்டு, உடம்போடு ஒட்டிக் கனக்கும். இடைவேளைக்குப் பிறகு சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. இருபத்திரண்டு பேரும் ஒரே மண் நிறம். ஆளை அடையாளம் கண்டுபிடிக்க ஓட்டத்தைப் பார்க்கவேண்டும், தலைமுடியைப் பார்க்கவேண்டும். முதுகில் எண் போடும் வழக்கம் இங்கிலாந்திலேயே 1928இல்தான் ஆர்சனல் ஆட்டத்தில் பரிசோதனையாக வந்தது. அங்கே லீக் முழுவதுக்கும் கட்டாயமானது 1939இல்.

1925இல் ஈஸ்ட் பெங்கால் முதல் டிவிஷனுக்கு ஏறியது. மூன்றே ஆண்டில் இறங்கியது. 1930இல் சட்டமறுப்பு இயக்கக் கொந்தளிப்பில் கல்கத்தா லீக் பாதியிலேயே நின்றுபோனபோது, மறுபடி மேலே ஏறும் வாய்ப்பு கைவிட்டுப் போனது. ஆதரவாளர்கள் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் போனார்கள். அந்தத் தீப்பந்தம்தான் பின்னாளில் கழகச் சின்னமாகி ஜெர்சியின் நெஞ்சில் ஏறியது. நிறம் கடையில் கிடைத்தது, சின்னம் தெருவில் கிடைத்தது.

ஆனால் சட்டைக்கு உயிர் வந்தது 1947க்குப் பிறகுதான். பிரிவினையில் கிழக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் கல்கத்தாவுக்குள் வந்து சேர்ந்தார்கள். சியால்தா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுத்தார்கள், கிடைத்த பொறம்போக்கில் குடிசை போட்டார்கள். வீடு போயிற்று, நிலம் போயிற்று, ஊர்ப் பெயரே இன்னொரு நாட்டுப் பெயராயிற்று. அந்த ஊரின் பெயரை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிவப்பு மஞ்சளில் பதினொரு பேர் ஓடினார்கள். சௌத்ரி 80 ரூபாய்க்கு வாங்கியபோது இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்திருக்க வழியே இல்லை. அன்றிலிருந்து ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்று சமையல்கட்டு வரைக்கும் சண்டை போய்விட்டது.

இந்த இடத்தில்தான் தெற்கத்திக்காரர்கள் உள்ளே வருகிறார்கள். அகதிகளின் அணி என்று பெயர் வாங்கிய அந்த அணிக்குக் கோல் அடித்துக் கொடுத்தவர்கள் வங்காளிகளே இல்லை. அகமது கான், அப்பாராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ். ஐந்து பேரும் தென்னிந்தியர். முன்வரிசை முழுக்க இவர்கள்தான். வங்காளிகள் இவர்களுக்கு வைத்த பெயர் பஞ்சபாண்டவர். 1949இல் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஒரே ஆண்டில் கொண்டுவந்தார்கள். ஷீல்டை 1949, 50, 51 என்று வரிசையாக மூன்று ஆண்டு. பிறகு 1951, 52இல் டெல்லியின் டூராண்டு கோப்பையும். வங்காளம் ஒரு வார்த்தை தெரியாமல் வந்தவர்கள், வங்காளத்தை இழந்தவர்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். மேடைகளில் தேசிய ஒருமைப்பாடு பற்றி நீட்டி முழக்குபவர்கள் இந்த ஐவரை ஏன் மறந்தார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

அகமது கான் பெங்களூர்க்காரர். பந்தை ஆட்டக்காரர்களுக்கு நடுவே நெளித்து நெளித்துக் கொண்டுபோவதைப் பார்த்துப் பாம்பாட்டி என்று பெயர். அவருடைய உடுப்பில் பாதி, அதாவது கால் பக்கம், நீண்ட நாள் வெறுமையாகத்தான் இருந்தது. கணுக்காலில் ஒரு துணிக்கட்டு, அவ்வளவுதான். 1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக்ஸ், இல்ஃபோர்டு மைதானம். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டம், எதிரே பிரான்ஸ். நம் பதினொரு பேரில் எட்டுப் பேர் வெறுங்கால். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். கிடைத்த இரண்டு பெனால்டியையும் வீணாக்கிக் கடைசி நேரத்தில் 1-2 என்று தோற்றோம். தோற்றாலும் அடுத்த நாள் பேச்சு முழுக்க அந்த வெறுங்கால்களைப் பற்றித்தான்.

பூட்ஸ் இல்லாததால்தான் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியாவை விடவில்லை என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அது பாதிக்கும் குறைவான உண்மை. கால்பந்துச் சங்கத்துக்கு அன்று ஒலிம்பிக்ஸ்தான் பெரிதாகப் பட்டது. பிரேசில் வரை கப்பலேறிப் போய் உலகக் கோப்பை ஆடும் அக்கறை இருக்கவில்லை. வெறுங்காலுக்கு உண்மையில் முடிவு கட்டியது 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். வடக்கத்திக் குளிரில், ஈரப் புல்லில், யூகோஸ்லாவியாவிடம் 1-10. அந்த ஒரு கோலைப் போட்டவரும் அகமது கான்தான். ஊர் திரும்பியதும் பூட்ஸ் கட்டாயம் என்று சங்கம் விதி போட்டது. அன்றைய தோல் பூட்ஸ் எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கணுக்காலை மூடும் உயரம், ஆணி அடித்து இறுக்கிய தோல் ஸ்டட், நனைந்தால் செங்கல் கனம். ஆணி தேய்ந்தால் பாதத்திலேயே குத்தும். வெறுங்காலில் பழகியவர்களுக்கு அது விலங்கு மாட்டியதுபோலத்தான் இருந்திருக்கும்.

அதன் பிறகு முப்பது, நாற்பது ஆண்டு ஜெர்சியில் பெரிய மாற்றம் இல்லை. கை குட்டையானது, டிரவுசர் இன்னும் குட்டையானது, பருத்திக்குப் பதில் நைலான் கலந்த பளபளப்பு வந்தது. 1973இல் ஜெர்மனியில் ஒரு சாராயக் கம்பெனி, ஐன்ட்ராக்ட் பிரவுன்ஷ்வைக் அணியின் சின்னத்தையே மாற்றித் தன் மான் தலையை நெஞ்சில் ஏற்றியது. 1998இல் கல்கத்தாவிலும் அதுபோல நடந்தது, அதுவும் சாராயக் கம்பெனி மூலமாகவே. விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் ஈஸ்ட் பெங்காலிலும் பங்கு வாங்கியது, மோகன் பகானிலும் பங்கு வாங்கியது. ஒரு சட்டையில் கிங்ஃபிஷர், இன்னொன்றில் மெக்டவல். மைதானத்தில் அடித்துக்கொள்ளும் இரண்டு அணிக்கும் முதலாளி ஒருவரே. பட்டாசுக் கடைக்காரரே தீயணைப்பு வண்டியையும் வாங்கிப் போட்டது மாதிரி. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் நிறத்தில் கை வைக்கவில்லை என்பதால் பொறுத்துக்கொண்டார்கள்.

பெயர்தான் அதற்கப்புறம் அடிக்கடி மாறியது. 2018இல் குவெஸ் ஈஸ்ட் பெங்கால், நூற்றாண்டான 2020இல் எஸ்.சி. ஈஸ்ட் பெங்கால், 2022இல் எமாமி கைக்குப் போனது. எதிர்ப்பக்கம் 2020இல் ஏ.டி.கே. அணியோடு மோகன் பகான் இணைந்தபோது பெரிய கலவரமே எழுந்தது. பச்சையும் மெரூனும் அப்படியே இருந்தும் பெயருக்கு முன்னால் ஒட்டிய மூன்று எழுத்தை ரசிகர்கள் ஏற்கவில்லை. மூன்று ஆண்டு விடாமல் சண்டை பிடித்து, 2023இல் அதை எடுக்க வைத்தார்கள். நிறுவனம் காசு போடலாம், ஆட்டக்காரரை வாங்கலாம், விற்கலாம்; சட்டை மட்டும் தங்களுடையது என்று கூட்டம் நினைக்கிறது. சட்டப்படி அது அப்படியில்லை. நடைமுறையில் அப்படித்தான்.

2024 ஆகஸ்ட் 18 அன்று டூராண்டு கோப்பையில் இந்த இரண்டு அணிகளும் மோதவேண்டியது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரமே தெருவில் நின்ற நேரம். பாதுகாப்புக் கொடுக்க முடியாது என்று ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் ரசிகர்கள் சால்ட் லேக் மைதானத்தின் முன்னால் ஜெர்சி போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். போலீஸ் தடியை ஓங்கியது. ஓர் அணியின் சட்டைக்காரர் தோளில் எதிரணியின் சட்டைக்காரர் உட்கார்ந்து கோஷம் போடும் படம் மறுநாள் நாடெங்கும் போனது. நூறு ஆண்டுச் சண்டைக்காரர்கள். இரண்டு நிறமும் அங்கே இல்லையென்றால் அது இன்னொரு கூட்டத்தின் படமாகப் போயிருக்கும்.

இனி நம்மூர். இப்போது தேனியிலோ கம்பத்திலோ ஒரு செவன்ஸ் அணிக்குச் சட்டை வேண்டுமென்றால் யாரும் மவுன்ட் ரோட்டுக்குப் போவதில்லை. வாட்ஸப்பில் திருப்பூருக்கு ஒரு படம் போகிறது. ஐரோப்பிய அணி ஒன்றின் சட்டையை இணையத்திலிருந்து எடுத்து, அதன் மேல் தங்கள் ஊர்ப் பெயரை ஒட்டிய படம். அங்கே அதைக் காகிதத்தில் அச்சடித்து, வெள்ளை டாட் நிட் துணியின் மேல் வைத்து, 200 டிகிரி சூட்டில் ஹீட் பிரஸ்ஸில் அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகி இழைக்குள் இறங்கிவிடுகிறது. துவைத்தாலும் போகாது. இந்த வித்தை பாலியெஸ்டரில்தான் நடக்கும், பருத்தியில் சாயம் பிடிக்காது. அதனால் தேனியைச் சுற்றி இத்தனை ஸ்பின்னிங் மில் ஓடியும், ஆண்டிபட்டிப் பக்கம் இன்னமும் தறி சத்தம் கேட்டும், நம் பையன்கள் போடும் ஜெர்சியில் ஒரு முழம் உள்ளூர் நூல் கிடையாது. வேர்வையை வெளியே தள்ளும் என்று விளம்பரம் சொல்கிறது. மே மாத வெயிலில் போட்டுப் பார்த்தவர்களிடம் கேளுங்கள்.

நிறத்தை முடிவு செய்வது யார் என்று பார்த்தால் 1920க்கும் இன்றைக்கும் அதிக வித்தியாசமில்லை. செலவை ஏற்றவர் ஏலக்காய் வியாபாரி என்றால் பச்சை. திராட்சைத் தோட்டக்காரர் என்றால் ஊதாவுக்கு நெருக்கமான ஏதோ ஒன்று. அரசியல் பிரமுகர் என்றால் சொல்லவே வேண்டாம். அவர் கட்சி மாறினால் அடுத்த சீசனில் அணியின் நிறமும் மாறும். முதுகில் பத்தாம் நம்பருக்கு மூன்று பேர் அடித்துக்கொள்வார்கள், ஏழுக்கு நாலு பேர். கடைசியில் 77, 07, 100 என்று சமரசம் ஆகும். கோல்கீப்பருக்குத் தனி நிறம் வேண்டும் என்பது செட் வந்து பிரித்த பிறகுதான் ஞாபகம் வரும். அவர் வீட்டிலிருந்து ஒரு பனியன் போட்டுக்கொண்டு வருவார்.

பத்து ஆண்டு ஒரே நிறத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அணி இந்தப் பள்ளத்தாக்கில் ஒன்றாவது இருந்தால் எழுதுங்கள். பழைய சட்டை ஒன்று பெட்டியில் கிடந்தால் படமெடுத்து அனுப்புங்கள். சாயம் போயிருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த இதழில் மல்லிகைப்பூ ஊர்ப் பக்கம் போகிறோம். மதுரையை இருப்பிடமாகக் கொண்ட சேது எஃப்.சி. பெண்கள் 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைத் தூக்கிய கதை.

(தொடரும்)